மூன்று லேபிள்

மேரு சாலை, கிள்ளான்

அன்புள்ள புனிதா அக்காவுக்கு,

ஷாமினி எழுதுகிறேன். கோத்தா கினபாலுவில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா தூங்கிவிட்டார். என் போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. ஆர்டர் எல்லாம் அதில்தான் வருகிறது; உனக்கு அனுப்பும் மெசேஜையும் படித்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

அம்மா அடுப்படியில் செய்து பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்ற மஞ்சள் க்ரீம் இப்போது இல்லை அக்கா. அதையே செய்து தரச் சொல்லி மேருவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். அம்மாவின் செய்முறைப்படி என்றால் பத்தாயிரம் டப்பாவுக்குக் குறைந்து செய்ய மாட்டார்களாம். அவர்களிடம் தயாராக இருக்கும் க்ரீம் என்றால் மூவாயிரம் எடுத்தால் போதுமாம், நாம் கேட்ட லேபிளை ஒட்டித் தருவார்களாம். மூவாயிரமும் அம்மாவால் முடியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் சீதாலெட்சுமி ஆன்டியையும் ஜெஞ்சாரோமில் ஒருவரையும் சேர்த்துக் கொங்சி போட்டு, மூவருமாகப் பங்கு பிரித்து எடுத்தார்கள். அம்மாவுடையதில் மஞ்சள் படம், ஆன்டியுடையதில் ரோஜா, மற்றதில் பப்பாளி. உள்ளே மூன்றும் ஒன்றுதான். மூவருமே போனில் லைவ் போட்டு விற்கும்போது, "நானே கைப்பட செஞ்சது" என்கிறார்கள்.

போன வாரம் கீழ்வீட்டு மலர் அக்கா வந்தார். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். கன்னம் சிவந்து தோல் உரிந்திருந்தது. "சீதாலெட்சுமி ஆன்டி க்ரீம் போட்டேன் ஆன்டி, ஒரே எரிச்சல். உங்களுது இயற்கைதானே, அதான் ஓடி வந்தேன்" என்றார். அம்மா அந்தக் கன்னத்தைக் கிட்டே வந்து பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் புது டப்பாவைத் திறந்து, தன் விரலாலேயே அவர் கன்னத்தில் மெதுவாகப் பூசிவிட்டார். அவர் போனதும் சோப்புப் போட்டுக் கையை வெகுநேரம் கழுவினார்.

ஏன் அம்மா என்று கேட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "ஒங்கப்பா போனப்பறம் வந்த ஈபிஎஃப் பணம் முழுக்க இந்தப் பெட்டியிலதான் இருக்கு. எங்க கொண்டுபோயி கொட்டச் சொல்ற?" என்று கேட்டுவிட்டுப் பெட்டிகளின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நான் சொல்லிவிடலாம் என்று கீழே போனேன். மலர் அக்கா என்னைப் பார்த்ததும், "வா லா ஷாமினி, நீதான் எனக்குப் பொண்ணுத் தோழி, சேலை எடுத்தாச்சா?" என்று சிரித்தார். சிரிக்கும்போதே வலித்திருக்க வேண்டும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். க்ரீமைப் பற்றிச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

இன்று மலர் அக்காவுக்கு ஒரு கண் வீங்கியிருந்தது. அம்மாவிடம் காட்டினார். அம்மா, "பழைய க்ரீமோட விஷம் வெளிய வருதும்மா, பயப்படாத, விடாம போடு" என்று சொல்லிவிட்டார். அதை நம்பி அவர் இனி காலையிலும் பூசப்போகிறாராம்.

இந்தக் கடிதம் கடல் தாண்டி வருவதற்குள் எத்தனை தடவை பூசுவாரோ தெரியாது. கையில் கிடைத்த உடனே மலர் அக்காவுக்குப் போன் செய். இரண்டு டப்பாவிலும் இருப்பது ஒரே க்ரீம், டாக்டரிடம் போங்கள் என்று சொல். நான் எழுதினேன் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அம்மாவைப் போலீஸ் பிடிக்குமா? அப்படியென்றால் நான் யாரோடு இருப்பது? நீ சட்டம் படிக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் எனக்குச் சொல்லாதே.

மலர் அக்காவின் முகம் தேறவேண்டும் என்று சாமியிடம் தினமும் கேட்கிறேன். அம்மாவுக்காகக் கேட்க எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. அதை மட்டும் நீ கேட்டுக்கொள் அக்கா.

உன் தங்கை,
ஷாமினி