துடைப்பதற்கு முன், துடைத்த பின்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று கோபத்தோடுதான் வேண்டிக்கொள்கிறேன். கோபத்தோடு வேண்டினாலும் பலிக்கும். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

ஏணிக்காரியை இன்றோடு நிறுத்திவிடு என்று திங்கட்கிழமை செய்தி அனுப்பினாய். நிறுத்திவிட்டேன். ஒன்பது வருஷமாக நம் கம்பெனிக்காக வீடு வீடாக வந்து ஏணியில் ஏறி ஜன்னல் துடைத்தவளை ஒரே வரியில் வேண்டாம் என்றாய். என்ன நடந்தது என்று என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே உனக்கு!

எல்லாம் உன் புதிய ஏற்பாட்டில் வந்த வினை. வேலையின் தரம் உயர வேண்டும் என்று அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நீ கண்டுபிடித்தது. துடைப்பதற்கு முன் ஒரு படம், துடைத்த பின் ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் நீ பச்சைக் குறி வைப்பாய், தெரியாவிட்டால் சிவப்பு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நாம் துடைக்கிற கண்ணாடியில் அப்படி என்ன அழுக்கு இருந்துவிடும்? ஒழுங்காக வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் சிவப்பு. வருஷக்கணக்கில் தண்ணீரே படாத வீட்டில் அரைகுறையாகத் துடைத்துவிட்டு வந்தால் பச்சை. இதைச் சொன்னதற்கு, "செவப்பு வந்தா ஏதோ கொறை இருக்குன்னுதானேக்கா அர்த்தம்" என்றாய். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இன்னொன்றும் கேள். ஏணிக்காரி எப்போதும் வெயில் படாத பக்கத்தில்தான் தொடங்குவாள். வெயிலில் சோப்புத் தண்ணீரை ரப்பர் பட்டையால் வழித்து இழுப்பதற்குள் அது காய்ந்து கோடு விழுந்துவிடும். நீயோ படத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் பக்கம்தான் முதலில் என்றாய். அவள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு கோட்டையும் உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். தாமதம் என்று அதற்கும் ஒரு சிவப்பு வைத்தாய்.

போன வாரம் நாங்கள் வண்டியில் போகும்போது ஸ்பீக்கரில் பேசினாயே, இன்னும் ஒரு சிவப்பு வந்தால் என் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று. பக்கத்தில் ஏணிக்காரி இருந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அவள் ஒன்றும் காதில் விழாதவள் போல வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நம் வாடிக்கை டீச்சர் வீடு. முன் ஜன்னல் பளிச்சென்று இருந்தது. படம் எடுத்தால் நிச்சயம் சிவப்பு. பூந்தொட்டி மண்ணைத் தண்ணீரில் கரைத்து அந்தக் கண்ணாடியில் பூசியது ஏணிக்காரி இல்லையடா. நான். உன் அக்கா. ஐம்பத்தொரு வயதில், நம்மை நம்பி கேட்டைத் திறந்துவிட்டவர் ஜன்னலில் சேறு பூசினேன்.

டீச்சர் உள்ளே திரையை விலக்கினார். காலையில் சுத்தமாக இருந்த கண்ணாடி அது. வெளியே வந்து யார் செய்தது என்று கேட்டார். நான் சேற்றுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஏணிக்காரி மேலிருந்து இறங்கி வந்து, "நான்தான் டீச்சர் பண்ணேன்" என்றாள். ரசீதில் இருக்கும் உன் எண்ணுக்கு டீச்சர் பேசினார். மீதி உனக்கே தெரியும்.

ஏன்டி இப்படிச் சொன்னாய் என்று வண்டியில் கேட்டேன். "நீங்க போனா புது ஆளு வேலை செய்யற எங்க நாலு பேரையும் மாத்திடுவான்க்கா. நான் போனா நான் மட்டும்தானே" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டு, உன் செய்தி வந்ததும் அவளை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். உன்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் கொஞ்சமல்ல. என்மேல் இருப்பது அதைவிட அதிகம்.

நேற்று டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நிற்க வைத்தே திட்டினார். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை அவள் வந்தால் கதவைத் திறப்பேன், நீ தனியாக வந்தால் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

யாரையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் என்னை நிறுத்து. பணப்பெட்டிச் சாவி, வண்டிச் சாவி எல்லாம் மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். ஏணிக்காரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீ சொல்லாமல் வரமாட்டாளாம், வந்தால் எனக்குத்தான் சங்கடமாம். நீயே அவளுக்கு போன் பண்ணு. என்னிடம் பேசுகிற மாதிரி பேசாதே, மரியாதையாகப் பேசு.

நீயும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். அவளை மட்டும் வரச் சொல்லிவிடு. அவளிடம் மன்னிப்பை நான் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா