நான் திரும்பப் போடாத பெல்ட்

அம்மா,

இன்று காலை உங்கள் காரை விலைக்குப் பார்க்க ஒருவர் கராஜுக்கு வந்தார். முன் இருக்கையில் ஏறியிருந்து, கேட்காமலே காற்றுப் பொத்தானைத் திருப்பினார். குளிர் வரவில்லை. உங்கள் தைலத்தின் மணம் வந்தது. நீங்கள் போய் ஒன்பது மாதம். அந்தத் துவாரங்களுக்குள் இவ்வளவு நாளும் அது இருந்திருக்கிறது.

“ஏசி?”

“வேலை செய்யாது.”

அவர் தலையை வெளியே நீட்டி, வாகன ஏசி திருத்துமிடம் என்றிருந்த என் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். “ஏசி பாஸின்ர வீட்டுக் காரில ஏசி இல்லையோ! இது நல்ல பகிடி தம்பி. திருத்தித் தாரும், எடுக்கிறன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொம்பிரசரின் முன்பக்கம் இருக்கும் சிறிய றப்பர் சீல்தான் பழுது. கழற்றி மாற்றி, உள்ளே இருக்கும் காற்றை இழுத்தெடுத்து, காஸ் நிரப்பினால் முடிந்தது. ஒரு நாள் வேலை. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு நாளில் செய்து கொடுக்கப் போகிறேன். உங்களுக்கு, நீங்கள் உயிரோடிருந்த கடைசி ஒன்றரை வருடமும் செய்யவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, அந்த இருக்கையில் நானே ஏறி இருந்தேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அந்த ஏசி வயதானதால் பழுதாகவில்லை. நான்தான் பழுதாக்கினேன்.

பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கும். கிடைக்கிற நாலு லீற்றரில் கார் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடட்டும் என்று ஏசியின் பெல்ட்டை நான் கழற்றிக் கராஜ் சுவரில் ஆணியில் மாட்டினேன். வரிசை முடிந்தது, பெற்றோல் தாராளமாக வந்தது. பெல்ட் அங்கேயே தொங்கியது.

“தம்பி, அந்தப் பெல்ட்டை ஒருக்காப் போட்டுவிடன். இப்ப பெற்றோல் கிடைக்குதுதானே.”

“பொறுங்கோ அம்மா. வேலை தலைக்கு மேல கிடக்கு.”

வேலை இருந்தது, பொய் இல்லை. துறைமுகத்தில் மீன் ஏற்றும் லொறிகளின் குளிர்ப்பெட்டிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மீன் பழுதானால் முதலாளி வாசலில் வந்து நின்று கத்துவார். நீங்கள் கத்தமாட்டீர்கள். அதனால் உங்கள் கார் கடைசி.

ஏசியை ஓடவிடாமல் வைத்திருந்தால் அந்தச் சீலுக்கு எண்ணெய் போகாது. காய்ந்து வெடித்து, காஸ் முழுவதும் கசிந்துவிடும். இது தொழில் பழகுகிறவன் முதல் மாதத்திலேயே படிக்கிற பாடம். வருகிற எல்லோருக்கும் நான் சொல்வேன்: “குளிர் வேண்டாட்டிலும் கிழமைக்கு ஒருக்காப் பத்து நிமிசம் போட்டு விடுங்கோ.” ஒருநாள் அப்படி ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீங்கள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து பின்னால் நின்றீர்கள். அவர் போனதும் கேட்டீர்கள்.

“அப்ப எங்கட கார், தம்பி?”

“அது வேற கதை. அந்தக் கார் பழசு. கொம்பிரசர் பழுதாப் போச்சு. அதுக்கு மினக்கெடுறது விசர் வேலை.”

முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர் நீங்கள். ஆணியில் பெல்ட் எவ்வளவு காலம் தொங்கியது என்றும் தெரியும், நான் அந்த ஆளுக்குச் சொன்னதையும் காதால் கேட்டீர்கள். கூட்டிப் பார்த்திருப்பீர்கள். “ஓம்” என்று மட்டும் சொல்லிச் சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தீர்கள்.

வேறு கராஜுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அந்த வழியையும் நான்தான் மூடினேன். ஒருமுறை நீங்கள் அந்தக் கதையை மெல்ல எடுத்தபோது சிரித்துக்கொண்டு சொன்னேன்: “என்ர அம்மா இன்னொரு பாஸிட்டப் போனா நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.” பகிடிக்குத்தான் சொன்னேன். நீங்கள் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். மகனின் பெயர் கெடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டீர்கள்.

உங்களுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும். கண்ணாடியைத் திறந்தால் வீதி வேலையின் புழுதியும் லொறிப் புகையும். மூடினால் வேகும். மூன்று சனிக்கிழமை மூடிக்கொண்டு போனீர்கள், பாலம் தாண்டிக் கிண்ணியாவில் பரீதா ரீச்சரைப் பார்க்க. ஒரே பள்ளிக்கூடத்தில் உங்களோடு படிப்பித்தவர், இருபது வருடச் சிநேகிதி. நாலாவது சனிக்கிழமை திறந்துகொண்டு போனீர்கள். அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் உங்கள் மூக்கில் மருந்துப் புகை போகும் குழாய் பூட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு நீங்கள் கிண்ணியாவுக்குப் போகவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. போன் இருக்கிறதுதானே என்று நினைத்தேன்.

உங்கள் செத்தவீட்டுக்குப் பரீதா ரீச்சர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவக்கு என்னில என்ன கோவம் மகன்?”

“அப்பிடி ஒண்டுமில்லை ரீச்சர். அவவுக்கு ஏலாமப் போச்சு.”

அதுவும் பாதிப் பொய். ஆட்கள் நின்றார்கள், அதனால்தான் முழுவதையும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காரைத் திருத்தி விற்றுவிட்டால் அந்தப் பொய் நிலைத்துவிடும் என்று இன்று தோன்றியது. அதனால் மத்தியானம் கடையை மூடிவிட்டு, அந்தக் காரையே எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். கண்ணாடிகளை மூடிக்கொண்டுதான் போனேன். பாலத்துக்கு வருமுன்பே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. எனக்கு முப்பது வயது, நெஞ்சில் ஒரு வருத்தமும் இல்லை. பாலத்தின் நடுவில் கண்ணாடியை இறக்கிவிட்டேன். மூன்று சனிக்கிழமை நீங்கள் எப்படி இருந்தீர்களோ தெரியவில்லை.

ரீச்சர் விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. பெல்ட், சீல், லொறிகள், நான் சொன்ன பகிடி எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒரு றப்பர் வளையத்துக்கா மகன்?”

“ஓம் ரீச்சர்.”

“நான் என்னமோ செல்லிட்டன் எண்டு இவ்வளவு காலமும் யோசிச்சிட்டு இரிக்கன். கடைசியா வந்த அண்டைக்கு உன்ட கலியாணக் கதைய எடுத்தன். ‘இவனுக்கு இன்னும் ஒண்டும் சரிவரல்லயா, ஆள் கொஞ்சம் கடுகடுப்புத்தான்’ எண்டு செல்லிட்டன். அவட முகம் அப்பிடியே செவந்து போச்சு. தண்ணியக் குடிச்சிட்டு எழும்பிட்டா. அதுதான் எண்டு நினைச்சன்.”

“அது கோபம் இல்லை ரீச்சர். வெக்கையும் புழுதியும். அண்டைக்குத்தான் அவவுக்கு மூச்சு இழுத்தது.”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“போன்லயும் செல்லல்லயே. முழங்கால் நோ எண்டு செல்லுவா. நான் நம்பல்ல. பிறகு நானும் எடுக்கிறதக் குறைச்சிட்டன்.”

இது எனக்குத் தெரியாது, அம்மா. நீங்கள் இரண்டு பேரும் போனிலும் ஓய்ந்துபோனது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தேன்.

“ஏசியத் திருத்திப்போட்டு வாறன் ரீச்சர். உங்கள எங்கட வீட்ட கூட்டிக்கொண்டு போறன். அம்மான்ர புத்தகங்கள் எல்லாம் அப்பிடியே கிடக்கு.”

“இப்பயா?” என்றார்.

அந்த ஒரு சொல்தான். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். நான் குடித்து முடித்த பிறகு, “சனிக்கிழம வா” என்றார். “அவக்கு அதுதானே நாள்.”

காரைப் பார்க்க வந்தவருக்குத் திரும்பி வரும் வழியிலேயே போன் எடுத்து, விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் கொம்பிரசரைக் கழற்றுவேன். ஒரு நாள் வேலை என்று சொன்னேனே, ஒரு நாள்தான். நான் நல்ல வேலைக்காரன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் பிழைவிட்டேன்.

புறப்படும்போது ரீச்சர் வாசல் படலை வரைக்கும் வந்தார். நான் காரில் ஏறிய பிறகு, குனிந்து கண்ணாடிக்குள்ளால் கேட்டார்: “மகன், உண்மையா அவக்கு என்னில கோவமில்லத்தானே?”

“இல்லை ரீச்சர்.”

தலையாட்டினார். காரை எடுக்கிறேன், கதவில் கையை வைத்து நிறுத்தினார். அதே கேள்வி. அதே பதிலைச் சொன்னேன். நம்பினாரா தெரியாது. ஒன்றரை வருடம் யோசித்ததை ஒரு பின்னேரத்தில் விட ஏலாது. சனிக்கிழமையும் கேட்பார், அடுத்த சனிக்கிழமையும் கேட்பார். நீங்கள் சொல்லவேண்டிய பதில் அது, அம்மா. அவர் கேட்கிற ஒவ்வொரு தரமும், பொறுமையாக, முதல் தரம் கேட்பதுபோல, இனி நான்தான் சொல்லவேண்டும்.