நான்காம் வகை உறவு

எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டு, நான் விழுந்தபோதெல்லாம் கைகொட்டிச் சிரித்த என் அண்ணாவுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ இருந்தவரை உன் மனசு நோகக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். நீ போன பிறகு, போனவரைக் குறை சொல்லக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். நடுவில் எனக்குப் பேசுவதற்கென்று ஒரு நாளும் வரவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ போனதும், எனக்காக அமெரிக்காவில் நீ போட்டுவைத்திருந்த குடியேற்ற மனுவும் போய்விட்டது. மனுப் போட்டவர் இறந்தால் மனுவும் தானாக ரத்தாகிவிடும் என்பது அங்கே விதியாம். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றார். உன் இடத்தில் அண்ணி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால், இரக்கத்தின் பேரில் மனுவுக்கு மறுபடி உயிர் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமாம். அதற்கு என்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும் எப்படிப்பட்ட உறவு, நான் ஏன் அங்கே வர வேண்டும் என்று என் கைப்பட எழுத வேண்டும்.

"மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க தம்பி. வக்கீலு அத இங்கிலீஷ்ல மாத்திக்குவாரு. கையெழுத்து மட்டும் மறந்துடாதீங்க, அது இல்லன்னா செல்லாதாம்" என்றார்.

மனசில் இருப்பதைத்தான் எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

நீ அந்த நாட்டுக் குடிமகன் ஆனதும் செய்த முதல் காரியம் எனக்காக மனுப் போட்டது. அதை நான் மறுக்கவில்லை. அப்போது கதிர் தவழ்ந்துகொண்டிருந்தான். "இனிமே ஒம்புள்ளய பத்திக் கவலப்படாத" என்று போனில் சொன்னாய். ஆலை ஆய்வகத்தில் கரும்புச் சாற்றைக் குழாயில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்து, நான் உன் தம்பிதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உன் பள்ளிச் சான்றிதழில் அப்பா கோவிந்தசாமி, என்னுடையதில் கோவிந்தன். என் பிறப்பைப் பதியவே இல்லை. சங்கராபுரம் தாலுகா ஆபீசுக்குச் செருப்புத் தேய நடந்தேன். நம் இருவரையும் பிறந்ததிலிருந்து தெரிந்த இரண்டு பெரியவர்கள் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். மேலத்தெருப் பெரியப்பாவை அழைத்துப் போனேன். எழுத்தர் எதிரில் அவர் என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். "இந்த மூக்கப் பாத்தா தெரியாதா சார்? அவனுக்கும் இதே மூக்குதான். இதுக்கு இன்னாத்துக்குப் பத்திரம்?" எழுத்தரே சிரித்துவிட்டார்.

மூக்கை ஏற்றுக்கொள்ளவில்லை. பத்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள். நான் உன் தம்பி என்று கடிதம் வந்தது. கூடவே நான் எந்த வகை என்றும் வந்தது. அவர்கள் கணக்கில் பெற்றவர், கட்டியவர், சின்னப் பிள்ளை இவர்களுக்கு வரிசையே கிடையாது. மற்றவர்களுக்கு வகைகள் உண்டு, வகைப்படி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அண்ணன் தம்பி நான்காம் வகை, கடைசி.

அண்ணியின் அப்பாவும் அம்மாவும் பெற்றவர் கணக்கில் சீக்கிரமே அமெரிக்கா வந்துவிட்டார்கள். உன் வீட்டு வாசலில் பனியை அள்ளிக்கொண்டு நிற்கிற அவர்கள் படத்தை எனக்கு அனுப்பினாய். எதற்கு அனுப்பினாய்? இன்றுவரை யோசிக்கிறேன்.

"இருடா, வந்துடும்." ஒவ்வொரு ஞாயிறும் நீ சொன்னது இதுதான். மைசூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆலையில் தலைமை வேதியியலாளர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகிற நேரத்தில் புது இடம் எதற்கு என்றாய். மாடி எடுக்கக் கம்பி நீட்டிவிட்டிருந்தேன். "பூட்டிப் போடப் போற வூட்டுக்கு மாடி எதுக்குடா" என்றாய். அந்தக் கம்பி துருப்பிடித்து இன்னும் நிற்கிறது. வள்ளி அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். நிலத்தில் மரவள்ளியைத் தவிர வேறொன்றும் வைத்ததில்லை, வருஷத்துக்குள் பிடுங்கிவிடலாம் என்பதால். ஒரு தென்னங்கன்றுகூட நடவில்லை. அது காய்க்கும்போது நாங்கள் இங்கே இருக்கப்போவதில்லையே.

ஊரில் எனக்கு அமெரிக்கா சார் என்று பேர் வைத்தார்கள். முதலில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். பிறகு பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் தினமும், "இன்னா அமெரிக்கா சார், பெட்டி கட்டியாச்சா?" என்பார். வருஷங்கள் போகப் போக அதுவும் மாறியது. "பெட்டி வாங்கி வச்சிங்களே, அதுக்கே கல்யாண வயசு வந்திருக்குமே சார்." கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு வரிசை கிடையாது. நீ கூப்பிட்டிருந்தால் போயிருக்கலாம். "சின்னவன் கெளம்பட்டும், அவங்கூட வந்துக்கறேன்" என்று அம்மா சொன்னது வாஸ்தவம். நீ ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை? "நீதான் பக்கத்துல இருக்கியே" என்று என்னிடம் முடித்துவிட்டாய். பக்கத்தில் இருப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? ராத்திரி பகல் பார்க்காமல் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தவள் மருமகள் வள்ளி. அம்மா கேட்டதெல்லாம் உன்னை. அம்மா போனபோது நீ பால் தெளிக்கத்தான் வந்து சேர்ந்தாய். நீ அமெரிக்கா திரும்பும் முன் என் தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாய். நானும் உன்னோடு ஒட்டி நின்றேன். "ஃபைலுக்கு ஆவும்டா" என்றாய்.

உறவு உண்மையானது என்று காட்ட அந்த ஃபைலுக்குப் போட்டோ வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு நீ அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிறகு கதிர் இருபத்தொன்றைத் தாண்டினான். தாண்டினால் அவன் என் பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டானாம். யாருக்காக இந்த வரிசையில் நின்றேனோ அவன் பேரை அடித்துவிட்டார்கள். மனு பரிசீலனையில் கிடந்த நாளை வயதிலிருந்து கழிக்க ஏதோ கணக்கு இருக்கிறது என்று வக்கீலை விட்டுப் போட்டுப் பார்த்தாய். அதிலும் தேறவில்லை. கதிர் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "எனக்காகத்தான் நிக்கறீங்கன்னா வந்துடுங்கப்பா, நான் நல்லாதான இருக்கேன்" என்றான். அவன் சொன்னபோதே விலகியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நாள் நின்றுவிட்ட வரிசையிலிருந்து எப்படி அண்ணா விலகுவது? முன்னால் இருப்பவர்களைவிடப் பின்னால் நிற்கிறவர்கள் அதிகமாகிவிட்ட பிறகு?

அப்போதுதான் உனக்கு உடம்புக்கு வந்தது.

கணையத்தில் புற்று என்றார் அண்ணி. நாள் அதிகம் இல்லை என்றும் சொன்னார். நீ போனில், "வாடா, ஒரு தடவ வந்துட்டுப் போடா" என்றாய். உன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். கள்ளக்குறிச்சியில் டிக்கெட் போட்டுக்கொடுக்கிறவர் விண்ணப்பத்தை நிரப்பும்போது ஒரு கேள்வியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா என்று அதில் கேட்டிருந்தது. "ஆமான்னு போட்டா குடுக்க மாட்டாங்க சார். இல்லன்னு போட்டா மாட்டிக்குவீங்க. நீங்களே சொல்லுங்க, எத அடிக்கறது?"

உன்னையே கேட்டேன். "மறைக்காதடா, வரிச போயிடும்" என்றாய். மூச்சு வாங்க வாங்க அதைச் சொன்னாய்.

சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னிடம் கேட்டது மொத்தமே மூன்று கேள்வி. மனுப் போட்டது யார். அண்ணன். இப்போது எங்கே இருக்கிறார். ஆஸ்பத்திரியில். ஊரில் உங்களுக்கு என்ன இருக்கிறது. நான் என்ன சொல்வது? மாடி எடுக்காத வீடும், மரவள்ளி போட்ட நிலமும் இருக்கிறது என்றேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தை அவள் கையில் வாங்கக்கூட இல்லை. அங்கே குடியேறக் காத்திருப்பவர் திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லை என்று மரியாதையாகச் சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் உன் தம்பி என்று நிரூபிக்க எத்தனை பாடுபட்டோம். நான் உன்னைப் பார்க்க வர வேண்டிய ஒரே நாளில் அதுவே என் குற்றமாகிவிட்டது.

அன்றைக்கு விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு உன்னைக் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா? மனுவை வாபஸ் வாங்கு, மறுபடி விண்ணப்பிக்கிறேன், வந்து உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வாபஸ் வாங்கினால் விடுவார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அத எடுக்கச் சொல்லாதடா" என்றாய் கடைசியில். "அதயும் எடுத்துட்டன்னா, உனக்கு நான் இன்னா பண்ணன்?"

பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உன்னை அவர்கள் எரித்ததை அண்ணி போனில் காட்டினார். கண்ணாடிக் கதவும் பொத்தானும் இருந்த ஓர் அறை. உன் மகள்தான் பொத்தானை அழுத்தினாள். வள்ளி எனக்குப் பின்னால் நின்று, "நெத்தில துன்னூறு கூட வெக்கலயே" என்றாள். வைத்திருந்தார்கள், படம் தெளிவில்லாததால் தெரியவில்லை என்று அண்ணி பிறகு சொன்னார். உன் சாம்பலில் கொஞ்சத்தைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாராம். நான் அங்கே வந்ததும் சேர்ந்து கரைக்கலாம் என்று. நீயும் வரிசையில் நிற்கிறாய்.

எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. அதைக் கொண்டுபோய் எங்கே இறக்குவது என்றும் தெரியவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு என் முகம் மறந்திருக்கும். அண்ணியைச் சொல்லிக் குற்றமில்லை. என்னை இப்படி உட்காரவைத்தது உன் பாசம்தான் என்றால், அதோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

அண்ணி பேசியதை வள்ளியிடம் சொன்னேன். அவள் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டு வரும்போது பஸ்ஸிலிருந்து சாக்கில் சுற்றிய இரண்டு கன்றுகளை இறக்கினாள்.

"இது இன்னா?"

"தென்னங்கன்னு."

"அது தெரியுது. இப்ப எதுக்கு?"

"நீங்க போயிட்டா நான் தண்ணி ஊத்திக்கறேன். போவலன்னா நீங்க ஊத்துங்க."

இரண்டும் கிணற்றடியில் சாய்ந்து கிடக்கின்றன. இன்னும் குழி எடுக்கவில்லை.

எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தேன். வக்கீல் கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது, அண்ணனுக்கும் தம்பிக்கும் என்ன உறவு என்பது உட்பட. நான் ஏன் அங்கே வர வேண்டும் என்பது மட்டும் இல்லை. தேடிப் பார்த்தேன். உன்னைப் பார்க்க என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

நீ ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நாம் மலைக்குப் போனோமே, கரியாலூர் பஸ்ஸில், நிற்கக்கூட இடமில்லாமல். அருவிக்கு மேலே பாறையில் உட்கார்ந்து, ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டே, "அங்க போனதும் உன்ன கூப்ட்டுக்கறேன்டா" என்றாய். அந்தச் சொல்லை நீ கடைசிவரை விடவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நானும் இப்போது ஒரு சொல் கொடுக்கிறேன். அண்ணி அடுத்த முறை வரும்போது அலமாரியில் இருக்கிற உன்னை எடுத்துவரச் சொல்கிறேன். அதே பாறைக்குக் கொண்டுபோகிறேன். எந்த வகை என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இந்தத் தடவை நான் உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன், அண்ணா.

இப்படிக்கு உன் தம்பி என்று எழுதி, அதற்குக் கீழே பேரைப் போடுவதுதான் முறை. போட்டால் இது மனுவாகிவிடும். அண்ணி வக்கீலிடம் கொடுப்பார், அவர் மொழிபெயர்ப்பார், நான் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்காக உட்கார்ந்திருப்பேன். உன் தம்பி என்று இதற்குமுன் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்டியாகிவிட்டது. உனக்கு எழுதுவதற்கும் அது வேண்டுமா?

உறையின்மேல் உன் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டேன். நாளைக் காலையில் சங்கராபுரம் தபாலாபீசில் இதை இப்படியே, கையெழுத்தில்லாமல், சேர்த்துவிடுகிறேன்.