கேட்காமல் சொன்ன பதில்

மார்ச் 3, திங்கள்

வெந்நீர்க் குழாய் மறுபடி மக்கர். அப்பாவைத் துடைத்துவிட அக்கா அடுப்பில் தண்ணீர் காய்ச்சினார். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள கம்பெனி அனுப்புகிறவர். அந்தக் கம்பெனி மேல்தான் நாளை எங்கள் வழக்கு. வழக்கும் அவர்கள் மேல், வீட்டுக்கு ஆளும் அவர்களிடம். வேறு கம்பெனி எதுவும் உருப்படியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

நாளை என் சீனியர், பெரியவர்தான் வாதிடுகிறார். என் வேலை கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது. இத்தனை வருஷமாக அதுதானே.

மார்ச் 4, செவ்வாய்

நான் பேசினேன்! நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில், மூன்று நீதிபதிகள் முன்னால்.

வழக்கைக் கூப்பிட்டபோது பெரியவர் பக்கத்து அறையில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி வைக்கக் கேட்கத்தான் எழுந்தேன். நடுவில் இருந்த நீதிபதி, சின்ன விஷயம்தான், நீங்களே சொல்லுங்களேன் என்று சிரித்தார். பராமரிப்புப் பெண்கள் கம்பெனியின் ஊழியர்களா, இல்லை கம்பெனி சொல்வதுபோல் சொந்தத் தொழில் செய்கிறவர்களா என்பதுதான் வழக்கு. ஊழியர்கள் என்றால் விடுப்பு, காப்பீடு, ஓய்வுக்காலப் பணம் எல்லாம் உண்டு. நீதிபதி கேட்டது இதுதான்: “ஒரு வீட்டுக்குப் போக விருப்பமில்லை என்றால் இவர்கள் மறுக்கலாம்தானே?”

“மறுக்கலாம், மை லார்ட்.”

நேரான பதில் என்று சொல்லி ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பெரியவர் வந்து ஒரு மணி நேரம் பிய்த்து உதறினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் கட்சிக்காரர், பராமரிப்புப் பெண்களின் சங்கத் தலைவி மட்டும் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். களைப்பாக இருக்கும்.

மார்ச் 5, புதன்

களைப்பு இல்லை.

தலைவி போன் செய்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் குரல் தணிந்தே இருந்தது. மறுக்கலாம் என்று காகிதத்தில் இருக்கிறதாம். மறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியுமாம். அதன்பிறகு கம்பெனியிலிருந்து அழைப்பே வராது, வாரக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். “நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன், வக்கீலம்மா. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா தலையாட்டியிருப்பேனே” என்றார்.

கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன், மை லார்ட். ஒரே ஒரு வாக்கியம். சட்டக் கல்லூரியை விட்டு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது. அது ஏன் வாயில் வரவில்லை? நீதிபதி சிரித்தார், அதனால். வேறு காரணம் எதுவும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

ஒரு விஷயம் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. போன மாதம் அக்கா ஒருநாள் வரமுடியாது என்றார். எனக்கு அன்று கோர்ட். கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். வேறு பெண் வந்தாள். அக்கா மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். ஊருக்குப் போயிருந்ததாகச் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

இன்று கேட்டேன். அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “ஊருக்கெல்லாம் போகல மேடம். நீங்க போன் பண்ணீங்கல்ல, அன்னைக்கே நிறுத்திட்டாங்க.”

குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தலைவியிடம் கேட்டிருக்கக்கூட வேண்டாமே. மறுத்தால் என்ன ஆகும் என்பது என் வீட்டிலேயே நடந்தது. நடத்தியதே நான்.

மார்ச் 7, வெள்ளி

பெரியவரிடம் சொன்னேன். நீதிமன்றத்துக்கு ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். “ஒரு வரிக்காக எந்த வழக்கும் தோற்காது, நான் ஒரு மணி நேரம் பேசினதை மறந்துட்டியா?” என்று கேட்டார். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் அதை மறுத்துவிடக் கூடாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தோற்றுவிட்டோம்.

தீர்ப்பில் பெரியவரின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பத்தி. என் ஒற்றை வார்த்தைக்கு இரண்டு பக்கம். “மறுக்கும் உரிமை உண்டு என்பதை மனுதாரர் தரப்பு வழக்கறிஞரே நேர்மையுடன் ஒப்புக்கொண்டார்.” மற்றதெல்லாம் அதன் மேல் கட்டியதுதான். நேர்மையுடனாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கம்பெனியின் வக்கீல் வராந்தாவில் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

ஏப்ரல் 23, புதன்

கம்பெனியின் பங்கு விலை எகிறிவிட்டது. இந்தப் பெண்களுக்காகக் கொண்டுவருவதாக இருந்த மசோதாவை அமைச்சர் ஓரங்கட்டிவிட்டார். உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு நாங்கள் என்ன செய்ய என்று டிவியில் கையை விரித்தார். தேர்தலில் அந்த மசோதாவைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினார்கள். தெருமுனை பேக்கரியில்கூட ரொட்டி சுடுகிறவர்களிடம் புது ஒப்பந்தம் நீட்டுகிறார்களாம். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம் என்று அதில் ஒரு வரி.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பேச்சு குழறினாலும் கண் பழசுதான். என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “டிக்கெட் இல்லாம ஏறிட்டியா, பாப்பா?” என்றார்.

ஆமாம்ப்பா.

ஏப்ரல் 24, வியாழன்

கோர்ட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்.

மே 5, திங்கள்

அக்காவுக்குக் காய்ச்சல், உடம்பு கொதிக்கிறது. அப்படியே வந்து நிற்கிறார். போய்ப் படுங்கள் என்றால், போனால் மறுத்ததாகப் பதிவாகிவிடும் என்கிறார். என் அறையில் படுக்க வைத்தேன். கஞ்சி கொடுத்தேன். அதற்கு அவர் நன்றி சொன்னார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மே 12, திங்கள்

தலைவி மறுசீராய்வு மனு போடுகிறார். கட்சிக்காரரைக் கேட்காமல், உண்மை தெரியாமல் ஒப்புக்கொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அவர் கட்டாயப்படுத்தவில்லை.

பெரியவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “மூணு நீதிபதிங்க உன்னை நேர்மையானவள்னு எழுதியிருக்காங்க. அதை நீயே அடிக்கப் போறியா? இனி எவன் உனக்கு வழக்கு குடுப்பான்?”

அவர் சொல்வது சரிதான். கையெழுத்துப் போட்டேன். துணிச்சல் என்று தலைவி சொன்னபோது கூசியது. துணிச்சல் வேண்டியிருந்தது மார்ச் 4-ஆம் தேதி.

ஜூலை 8, செவ்வாய்

மனு தள்ளுபடி. தகுந்த காரணம் இல்லை என்று ஒரு வரி. பெரியவர் அலுவலகத்திலிருந்து என் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போ என்று அவர் சொல்லவில்லை. டீ குடிக்கக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 10, புதன்

அக்காவைக் கம்பெனி அடியோடு நிறுத்திவிட்டது. ஒரு வீட்டில் மகன் குடித்துவிட்டுக் கையைப் பிடித்தானாம். மறுபடி அங்கே போகமாட்டேன் என்றிருக்கிறார். தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார். என்னை வக்கீலாக வரச் சொன்னார் தலைவி. முடியாது என்றேன். முகம் மாறியது. வக்கீல் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், உங்களுக்கு இல்லாதது சாட்சி, அதற்கு நான் வருகிறேன் என்றேன்.

நவம்பர் 12, புதன்

அப்பாவுடன் சித்தியை விட்டுவிட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனேன். சின்ன அறை, மின்விசிறி சத்தம், ஒரே நீதிபதி. கம்பெனி வக்கீல் எடுத்த எடுப்பில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தார், நேர்மையுடன் என்பதை அழுத்தி. அது ஒப்புக்கொண்டதன் மேல் வந்த தீர்ப்பு, இங்கே சாட்சியம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றார் நீதிபதி.

எங்கள் தரப்பு வக்கீல் சின்னப் பெண், பதற்றம். அக்கா வராத மூன்று வாரத்தைப் பற்றிக் கேட்டாள், கம்பெனி நிறுத்தி வைத்திருந்தது, நிஜத்தில் மறுக்க முடியாது என்றேன். நான் செய்த போனைப் பற்றிக் கேட்க மறந்து உட்கார்ந்துவிட்டாள். கேட்காததைச் சாட்சி சொல்ல முடியாது. அப்படியே இறங்கி வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நிஜத்தைச் சொன்னால், ஒரு நொடி அப்பாடா என்றுகூட இருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். “மறுக்கலாம்னு அன்னைக்குச் சொன்னது நீங்கதானே?”

“நான்தான்.”

“இன்னைக்கு முடியாதுங்கறீங்க. நடுவுல அப்படி என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?”

விடை தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது. அதுவும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வதுதான். அவருக்கும் இன்று அது நினைவுக்கு வரவில்லை.

கூண்டில் நின்றால் பின்வரிசை நேராகத் தெரிகிறது, திரும்ப வேண்டியதே இல்லை. தலைவியும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவைப் பார்த்தேன். லேசாகத் தலையாட்டினார்.

“போன பிப்ரவரில அவங்க ஒருநாள் வரலேன்னாங்க. கம்பெனிக்குப் போன் பண்ணி நான்தான்…” என்று ஆரம்பித்தேன். தட்டச்சு செய்கிறவர் நிமிர்ந்து, கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா என்றார்.

சத்தமாக, முதலிலிருந்து சொன்னேன்.