தராசில் ஏறிய அப்பா

லாபு,
18.8.1996

அன்பு மகள் நீலாவதிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மீரியில் சுகமென்று கேட்டால்தான் எனக்கு உண்ட சோறு செரிக்கும். கோழி குஞ்சு பொரித்தது, உடும்பு கொண்டுபோனது போக மிச்சம் ஓடுகிறது. இப்போது எழுத வந்தது உன் அப்பாவைப் பற்றி.

போன ஞாயிறு சுகாதார இலாகாவிலிருந்து தோட்டத்து மண்டபத்துக்கு வந்தார்கள். நாடு முழுக்க எத்தனை பேர் அளவுக்கு மீறிப் பருத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம், நம் லயமும் அதில் சேர்த்தி. எடை போடுவார்கள் என்று வேலைக்கு ஆள் பிரிக்கும் மண்டோர் சொன்னதுதான் தாமதம், லயமே தின்ன ஆரம்பித்துவிட்டது. ஆயுசெல்லாம் ஸ்டோரில் ரப்பர் பாலை நிறுத்துப் பிழைத்த ஜனம் இல்லையா, தராசில் முள் ஏற ஏற நல்லது என்றுதான் நமக்குத் தெரியும். அப்பா இரண்டு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டு, போதாதென்று ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்தார். செல்லம்மா அக்காள் இடுப்புப் பேரனோடு ஏறப் பார்த்தாள், இறக்கிவிட்டார்கள். எடை போட்ட நர்ஸ் மிஸி சிரம்பான் தமிழ்ப் பெண், எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடி உயரத்தால் வகுத்தாள். இருபத்தைந்தைத் தாண்டினால் அதிகம், முப்பதைத் தாண்டினால் உடல் பருமனாம். அப்பாவுக்கு முப்பத்தொன்று வந்தது, ஜனங்கள் கைதட்டினார்கள், இவரும் மீசையைத் தடவிக்கொண்டார்! விஷயம் புரிந்ததும் வந்ததே கோபம். "தண்ணி கலந்த பாலுக்குத்தான் கணக்குக் கிராணி எடைய வெட்டுவாரு, என் ஒடம்புல என்னம்மா கலந்திருக்கு?" என்று கேட்டார். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள், "இந்த நம்பர் நாட்டுக்குக் கணக்கு, உங்களுக்கு ஒரு எச்சரிக்கைதான்யா, ரத்தம் பாத்தாத்தான் நோய் இருக்கா இல்லையான்னு தெரியும்லா" என்று. அடுத்த மாதம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறாள். இவர் போகமாட்டேன் என்கிறார். இனிப்புநீர் வியாதியில் உன் சித்தப்பா சந்திரனுக்குக் கால் போனதைப் பார்த்தவள் நான், எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் பால் வெட்டிய காலம் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. மேட்டுக்காட்டில் தோளுக்கு இரண்டு வாளி சுமந்து வருவார், மத்தியானம் மரவள்ளிக் கிழங்கும் கருவாடும், அதிலும் பாதி உனக்கு. பஞ்சம்தான், ஆனாலும் அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. ஒருநாள் குழாயடியில் அவர் குளிக்கும்போது நீ அவர் விலா எலும்பைத் தடவிப் பார்த்து, அப்பாவுக்கு மட்டும் சோறு போடவில்லையா என்று கேவிக் கேவி அழுதாய். அதிலிருந்து உன் முன்னால் அவர் பனியனைக் கழற்றியதே இல்லை. சுங்கை காடுட் பேக்டரியில் ஜாகா வேலை கிடைத்து, கேட்டுக்குக் காவலாக நாற்காலியில் உட்கார்ந்து தொந்தி வைத்தபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும்தான், அள்ளி அள்ளி வைத்தேன். கிளினிக்குக்குப் போகச்சொல்லி நேற்று நான் அழுத பிறகுதான் வாயைத் திறந்தார், "சோத்தக் கொறைக்கச் சொல்லுவாங்க மயிலு, எளச்சிப்போனா தீவாளிக்கு வர்ற புள்ள அழுவும்" என்று.

ஆகவே நீ இன்றே அவர் பெயருக்கு எழுது, நீங்கள் இளைத்தால் நான் அழமாட்டேன் அப்பா, கிளினிக்குக்குப் போங்கள் என்று. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தீர்க்க சுமங்கலியாய், மடி நிறையப் பிள்ளைகளோடு நன்றாயிரு.

மறந்துவிடாதே, தீபாவளிக்கு வரும்போது வாசலிலேயே "நல்லா இருக்கீங்கப்பா" என்று சொல்லிவிடு. அழுகை வந்தால் குசினிக்கு வந்துவிடு, நான் அங்கே அடுப்படியில்தான் இருப்பேன்.

உன் அம்மா,
வீ. மயிலம்மாள்