ஊரோடு சேர்ந்த மஞ்சள்

18.2.86, செவ்வாய் இரவு

பெரியாஸ்பத்திரி டொக்டர் இன்று நாக்கை நீட்டச் சொன்னது என் மனைவியிடம். பதற்றத்தில் நானும் நீட்டிக்கொண்டு நின்றேன். தாதி மிஸ்ஸிமார் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள், அவள் சிரித்து நாளாகிறது.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு இருப்பது ஊரெல்லாம் பரவியிருக்கும் செங்கமாரிக் காமாலை இல்லையாம். கணையத்தில் புற்றுக்கட்டியாம். அது பித்தக்குழாயை அடைத்துத்தான் கண் மஞ்சளானதாம். கணையம் என்று ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"கெதியா வெட்டி எடுக்க வேணும். ஆனா வார்டு நிறையச் செங்கமாரிக்காரர். மயக்க மருந்து குடுக்கிற டொக்டரும் அதிலதான் படுத்திருக்கார். ரெண்டு கிழமை பொறுங்க" என்றார்.

"கட்டி பொறுக்குமா சேர்?" என்று கேட்டேன்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "கண் எப்ப மஞ்சளாச்சு?" என்றார்.

"ஒரு மாசம் சேர்" என்றாள் மனைவி. "இவர் எனக்குக் கீழ்க்காய்நெல்லி அரைச்ச அரைப்பில, ஆட்டுக்கும் ஒண்டும் மிச்சமில்ல."

"அப்பவே ஒருத்தருக்கும் காட்டலியா?"

"காட்டின சேர். எங்கட ஊர் டொக்டர் பயமில்ல எண்டு இவரிட்டச் சொன்னவராம்."

நான் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள்தான் என்னைத் தேற்றினாள். "நீங்க என்ன செய்வீங்க, மகன்ட வாப்பா? படிச்ச டொக்டருக்கே விளங்கல்ல."

ஓம் என்றேன்.

ஊர் டொக்டருக்கு விளங்கியது. அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி என் கையில் தந்தார். ஊரே மஞ்சளாய்த் திரியும்போது இதற்கு ஏன் பஸ் ஏற வேண்டும் என்று, நான்தான் அதை மேசை லாச்சிக்குள் போட்டேன்.