பென்சிலில் எழுதிய 'நிறுத்து'

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வீட்டுக் கேள்விக்குறி எழுதுகிறேன். தொணதொணவென்று கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று அண்ணன் வைத்த பெயர் இது. இரண்டு வருடமாக அப்படி என்னை யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போன் செய்தால், என் குரல் கேட்டதும் அண்ணன் வைத்துவிடுகிறார். அதனால்தான் உங்கள் அலுவலக விலாசத்துக்கு இந்தக் கடிதம்.

உங்கள் ரத்த வங்கியின் கொடையாளர் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. உங்களுக்கு என்னென்ன தேவை என்று விசாரித்து எழுதித் தருவது என் பொறுப்பு. அதை வைத்துத்தான் மற்றவர்கள் புரோகிராம் எழுதுவார்கள். பெரிய டாக்டரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டேன். பதிவேட்டின் ஜெராக்ஸ் பிரதிகளும் வந்துவிட்டன. பதினேழு வருடமாக அதை எழுதுவது நீங்கள்தான் என்று அவர் சொன்னார். எனவே அறுபத்திரண்டு கேள்விகளையும் விதிகளின் வரைவையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்பதாவது விதியைக் கொஞ்சம் பாருங்கள். பெயருக்கு எதிரே 'நிறுத்து' என்று இருப்பவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறோம். மொத்தம் 412 பேர். 28ஆம் தேதிக்குள் உங்கள் கையெழுத்து வேண்டும். அதன் பிறகு பழைய பதிவேடுகள் கிடங்குக்குப் போய்விடும்.

அண்ணன் எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
சின்னவன்


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அறுபத்திரண்டு கேள்வியா? கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாகூட என்னை இத்தனை கேட்கவில்லை.

உன் அண்ணனுக்கு ஆபரேஷன் என்றபோதும் இப்படித்தான் செய்தாய். வந்து பக்கத்தில் உட்காருவாய் என்று அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஏழு ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை அனுப்பினாய். அட்டவணை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அதில் ஆறாவது ஆஸ்பத்திரியில்தான் அவர் அப்போது படுத்திருந்தார்! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை பேர், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். கம்ப்யூட்டர் வந்தால் என் நாற்காலியில் யார் உட்காருவது என்ற கேள்வியைக் காணோமே? எனக்கு இருக்கும் ஒரே கவலை அதுதான்.

ஒன்பதாவது விதியில் கேட்க என்ன இருக்கிறது? நிறுத்து என்றால் நிறுத்துதான். ஆனால் கையெழுத்து இப்போது கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, தம்பி. மூன்று நாள் வந்து என் பக்கத்தில் உட்கார். இங்கே இருப்பது ஒரு ஸ்டூல்தான், அதுவும் ஆடும். பார்த்து உட்கார்.

இப்படிக்கு,
அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் உங்கள் அறையில் நடந்ததை நீங்கள் மறந்தே போயிருப்பீர்கள். நான் மறக்க மாட்டேன்.

பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது. அரிய வகை ரத்தம், அவசரம். நீங்கள் பதிவேட்டைப் புரட்டினீர்கள். ஒரு பெயரில் விரல் வைத்தீர்கள். எதிரே 'நிறுத்து' என்று இருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து அதைத் தேய்த்து அழித்துவிட்டு, போனைச் சுழற்ற ஆரம்பித்தீர்கள்.

"அண்ணி, அவரை நிறுத்தியாச்சே?"

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்டா, அதனால ரத்தம் எடுக்கலை. போன வாரத்தோட கெடு முடிஞ்சுது."

"நிறுத்துன்னு போட்டிருந்ததே!"

"பென்சில்லதானே போட்டிருந்தேன். பேனான்னாதான் ஒரேயடியா நிறுத்துறது. இது கூடவா தெரியாது?"

தெரியாது அண்ணி. சத்தியமாகத் தெரியாது. ஜெராக்ஸில் பென்சிலும் பேனாவும் ஒரே கறுப்பு. டாக்டருக்கும் தெரியவில்லை. நீங்களும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே உங்களுக்குத் தோன்றவில்லை. அன்று மதியம் இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக எண்ணினோமே, பேனாவில் இருந்தது வெறும் 68 பேர். அந்த ஸ்டூலில் உட்காராமல் இருந்திருந்தால் மீதி 344 பேரை நான் துடைத்து எறிந்திருப்பேன்.

ஒன்பதாவது விதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தற்காலிகமாக நிறுத்தியவர்கள் வேறு, நிரந்தரமாக நிறுத்தியவர்கள் வேறு. முதல் வகைக்குக் காரணமும் கெடு தேதியும் கட்டாயம். தேதி வந்ததும் கம்ப்யூட்டர் நினைவூட்டும். ஆனால் அது தானாக எதையும் அழிக்காது. அழிக்கும் உரிமை பதிவேட்டுப் பொறுப்பாளருக்கு மட்டுமே. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் நாற்காலி எங்கேயும் போகாது. அதை முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று நாளும் எனக்கென்று ஒரு சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தீர்கள். அதன் மேல் துணியில் இரட்டை முடிச்சு. அப்படி அவிழ்க்கவே முடியாமல் கட்டுகிறவர் நம் வீட்டில் ஒரே ஒருவர்தான். நான் வீட்டுக்கு வராமல் லாட்ஜில் தங்கியது பயத்தால்தான் அண்ணி. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வராததும் அதே பயம்தான். படுக்கையில் அவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள்,
கேள்விக்குறி


மார்ச் 6

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

என் வயிற்றில் பாலை வார்த்தாய். டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார், நாற்காலி எனக்கே என்று. கெடுவுக்குள் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போகட்டும், அந்த ஆடும் ஸ்டூலுக்கும் உன் விதியில் ஏதாவது வழி செய்திருக்கலாம். பிரசவ வார்டுப் பெண் பிழைத்துக்கொண்டாள். குழந்தையின் அழுகை மாடி வரை கேட்கிறது.

உன் கடிதத்தை வீட்டில் மேசை மேல் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். உன் அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

எங்கள் வீட்டுப் போன் நம்பர் நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆபரேஷன் முடிந்து வந்த வாரம், அதில் உன் பெயருக்கு எதிரே அவர் 'நிறுத்து' என்று எழுதினார். என்னிடமிருந்து கற்ற பழக்கம். இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனசு வரவில்லை. நேற்று அவரே அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வீட்ல ரப்பரை எங்க வச்சிருக்க?"

பார்த்தேன். பென்சில்தான், தம்பி. அன்றைக்கு அத்தனை கோபத்திலும் பென்சிலைத் தேடி எடுத்துத்தான் எழுதியிருக்கிறார். நான் அழுதுவிட்டேன். ரப்பரை எடுத்துவந்து நானே அழிக்கிறேன் என்றேன், விடவில்லை. அவரே தேய்த்தார், அவரே ஊதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் செய். அவர்தான் எடுப்பார். அறுபத்திரண்டு வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேள். அதற்கு அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதே.

அன்புடன்,
அண்ணி